புங்க மரத்தடிப் பள்ளி: பெற்றோர் கேட்டவையும் நான் சொன்னவையும்

வேலூரிலிருந்து அணைக்கட்டு போகும் வழியில், ஒரு மாந்தோப்பின் ஓரமாக நடக்கும் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். வகுப்பறை என்று பார்த்தால் நான்கு புங்க மரம், இரண்டு வேம்பு, ஒரு பூவரசு. அது போக வேலி ஓரத்தில் இருப்பதெல்லாம். ஜூன் மாதச் சேர்க்கையின்போதும் விஜயதசமிச் சேர்க்கையின்போதும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட் வாசலில் நின்று கேட்டவை, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியவை, பேரனை அழைத்துப் போக வந்த ஆயாக்கள் கேட்டவை எல்லாவற்றையும் அவரவர் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

மரத்தடியில உட்கார வச்சா அது ஸ்கூலா மிஸ்?

ஆமாம். கிண்டர்கார்டன் என்ற சொல்லுக்கே ஜெர்மன் மொழியில் குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். ஃப்ரோபெல் என்பவர் 1840-ல் அந்தப் பெயரை வைத்தார். நாம் அதை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சுருக்கியபோது தோட்டம் எங்கேயோ விழுந்துவிட்டது. டென்மார்க், ஜெர்மனி பக்கம் நாள் முழுக்கக் காட்டிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகள் இன்றும் உண்டு. நம் ஊரில் உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், திண்ணையிலோ மரத்தடியிலோ படித்த கதையைச் சொல்வார்.

எத்தனை வயசுலேர்ந்து சேர்ப்பீங்க?

இரண்டரை வயதிலிருந்து. ஐந்து வயது நிறைந்ததும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். டயப்பர் பழக்கம் விடாத குழந்தையையும் சேர்க்கிறோம். மாற்றுத்துணி மட்டும் மூன்று செட் வேண்டும், ஒன்று சேற்றுக்கென்றே.

அங்க என்னதான் செய்வாங்க நாள் பூரா?

நாள் பூரா இல்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரைதான். வந்தவுடன் தோப்பை ஒரு சுற்று சுற்றுவோம். நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எறும்புப் புற்று, உதிர்ந்த பூ, குயில் கடித்துப் போட்ட பழம், எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் பாட்டு, கதை, மண் வேலை, தண்ணீர் வேலை, சாப்பாடு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் 'என் மரம்' என்று ஒன்று உண்டு. சேர்ந்த வாரம் அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். வாரம் ஒரு நாள், வழக்கமாக வெள்ளிக்கிழமை, அந்த மரத்திடம் போய்த் தொட்டு, முகர்ந்து, கீழே கிடப்பதைப் பொறுக்கி வர வேண்டும். வருடம் முழுக்க அதே மரம்தான். இந்தப் பள்ளியில் பாடத்திட்டம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். பின்னால் வரும் பதில்களில் பாதி இந்த வெள்ளிக்கிழமையில்தான் வந்து நிற்கும்.

வேலூர் வெயில்ல பச்சப் புள்ளைங்கள வெளிய வைக்கிறீங்களே, மனசாட்சி வேணாமா?

கேட்டவர் ஒரு அப்பா. கோபம் நியாயமானதுதான். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். அதனால் மார்ச் பாதியிலிருந்து நேரத்தை மாற்றிவிடுவோம்: காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு வீடு. கத்திரி வெயில் நாட்களில் பள்ளியே கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர், நடுவில் உப்பு போட்ட நீர்மோர். குழந்தை விளையாட்டை விட்டுவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்தால், முகம் சிவந்து சூடாக இருந்தால், உடனே நிழல், ஈரத்துணி, அம்மாவுக்குப் போன்.

இன்னொன்று. மரத்து நிழலும் தகர ஷெட் நிழலும் ஒன்றல்ல. தகரம் சூடேறி அந்தச் சூட்டை நம் தலையில் இறக்கும். மரம் இலை வழியாக நீராவியை விட்டுத் தன்னையும் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கும். நம்பாவிட்டால் ஏப்ரல் மாதம் பஸ் ஸ்டாப் ஷெட்டில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, பக்கத்தில் புங்க மரம் இருந்தால் அதன் கீழே போய் நின்று பாருங்கள். முதல் வாரம் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்யும் சோதனையும் இதுதான். ஷெட்டுக்குக் கீழே ஒரு கை மண், மரத்துக்குக் கீழே ஒரு கை மண். எது சுடுது?

நம்ம ஊர்ல ஏது மிஸ் பருவம்? வெயில், ரொம்ப வெயில், அவ்ளோதானே?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை 1981-ல் திரும்ப வைத்தாகிவிட்டது. பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. ராஜா வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது மரமில்லாத மலை. மலையில் மரம் குறைவு என்பதற்காக ஊரில் பருவமே இல்லை என்று சொல்லலாமா?

தமிழில் வருடத்தை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். கார், கூதிர், பனி, வேனில் என்று தொல்காப்பியமே பேசுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் பிள்ளைகளுக்கு அலுப்பதில்லை.

பெயரை நாங்கள் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. பொறுக்கி வந்ததை வைத்துத்தான் பேசுவோம். ஆனி, ஆடியில் வேப்பம்பழமும் நாவல் பழமும். சட்டையெல்லாம் ஊதாக் கறை, அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு. ஆவணியில் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலையும் விளாம்பழமும். புரட்டாசியில் ஜவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழக் கூடைகள் இறங்கும், ராத்திரி மழை பெய்த மறுநாள் ஈசல் இறக்கை தரையெல்லாம் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காளான், பாசி, முருங்கையில் கம்பளிப்பூச்சி. மார்கழிக் காலையில் சிலந்தி வலையில் பனித்துளி. தையில் பனங்கிழங்கு, மாம்பூ. மாசியில் முள்ளிலவு இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். பங்குனியில் கொடுக்காப்புளி, குயில் சத்தம். சித்திரையில் சரக்கொன்றை, வருடப்பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ, நுங்கு. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போய் வந்த பிள்ளைகள் வழியெல்லாம் மே மலர் மரம் சிவப்பாக இருந்ததை லீவு முடிந்து வந்து சொல்வார்கள். இதில் எந்த மாதத்தை 'ரொம்ப வெயில்' என்று தள்ளுவது?

புக்ல இலையுதிர்காலம்னா அக்டோபர், நவம்பர்னு இருக்கு. நீங்க மாசின்றீங்க. எது ரைட்டு?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடையில் கிடைக்கும் படப் புத்தகங்களில் நான்கு பருவம் இருக்கும். ஆரஞ்சு நிற இலை உதிரும், பனிமனிதன் நிற்பான், அப்புறம் பூப் பூக்கும். அது குளிர் நாட்டுக் கதை, அங்கே சரி. அங்கே குளிர்காலத்தில் வெளிச்சம் குறையும், மண்ணில் இருக்கும் நீர் உறையும், வேர் அதை எடுக்க முடியாது. அதனால் குளிருக்கு முன்னால் மரம் இலையைக் கழற்றிவிடுகிறது. நம் ஊரில் அக்டோபர், நவம்பர் அடைமழைக் காலம். மரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் நிறையக் கிடைக்கும் நேரத்தில் அது ஏன் இலையைக் கொட்டப் போகிறது? நம் மரத்துக்குக் கஷ்டகாலம் மழை நின்று மண் காயும் நேரம். இலை ஒவ்வொன்றும் தண்ணீரை வெளியே விடும் ஜன்னல். தண்ணீர் குறைந்ததும் ஜன்னலைச் சாத்துகிறது. மாசியில் புங்கையும் வேம்பும் அரசும் கொட்டுவது அதனால்தான். கொட்டுவதற்கு முன் இலையில் இருக்கும் சத்தில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இலை மஞ்சளாவது அப்போதுதான்.

ஆக இரண்டு நாட்டு மரமும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன, தண்ணீர் கிடைக்காத காலத்துக்கு முன் இலையை உதிர்க்கின்றன. மாதம்தான் வேறு. போன வருடம் ஒரு யு.கே.ஜி. பையனின் பயிற்சிப் புத்தகத்தில் 'இலை உதிரும் மாதம் எது' என்ற கேள்விக்குப் பிப்ரவரி என்று எழுதியதைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அவன் எங்களிடம் இருந்து போனவன். அவன் அம்மா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் பதிலுக்கு எங்கள் தோப்புத் தரையின் போட்டோவை அனுப்பினேன், முழங்கால் அளவு சருகு.

சரி மிஸ், தண்ணி இல்லாம இலைய கொட்டுதுன்னா, மழையே பெய்யாத பங்குனி வெயில்ல எப்படி துளிர் வுடுது?

நல்ல கேள்வி. மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தாத்தா கேட்டார். முந்தின பதிலில் நான் சொன்னது பாதிதான் என்று காட்டிக்கொடுத்த கேள்வி.

இலையைக் கொட்டியதும் நீர்ச் செலவு நின்றுவிடுகிறது. வேர் ஆழத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதும் தண்டில் இருப்பதும் சேர்ந்து மரத்துக்குள் மறுபடி ஈரம் ஏறுகிறது. பகல் நேரம் நீள்வதை மரம் உணர்கிறது. மழை வந்த பிறகு இலை விட ஆரம்பித்தால் முதல் மழையை வீணாக்கியதாகிவிடும். அதனால் முன்கூட்டியே இலையைத் தயாராக வைத்துக்கொள்கிறது. புழு பூச்சிகள் மழைக்குப் பிறகுதான் பெருகும், அதற்குள் இளம் இலை தடித்துவிடுவதும் ஒரு லாபம். அரசந்தளிரும் வேப்பந்தளிரும் செம்பு நிறமாக இருக்கிறதே, அந்த நிறம் பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்க உதவுகிறது. தாத்தா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அது நம்மள மாதிரி, ஆடிப் பட்டத்துக்கு முன்னாடியே வெதைய எடுத்து வெச்சுக்குது" என்றார். அதிலிருந்து நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் மூணு வயசுக் குழந்தைக்குப் புரியுமா?

நீராவி, பகல் நீளம் இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை, உங்களுக்குத்தான். அவர்களுக்கு அவர்கள் கணக்கு இருக்கிறது. ஒரு மாசி மாதம் புங்க மரம் மொட்டையாக நின்றது. மூன்று வயதுப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மிஸ், மரம் திருப்பதி போயிட்டு வந்துச்சா?" என்றாள். அவளுக்கே அதற்கு முன் மாதம்தான் மொட்டை போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் திருத்தவில்லை. "உன் முடி வளருதா பார், அதுக்கும் வளருதா பார்" என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் தலையைத் தடவிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பாள். மரம் ஜெயித்துவிட்டது.

இன்னொரு சமயம் புங்க இலையில் கொப்புளம் கொப்புளமாக இருப்பதைப் பார்த்து, மரத்துக்கு அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை அது, மரத்துக்குப் பெரிய கேடில்லை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒருத்தன் ஓடிப்போய் வேப்பிலை பறித்து வந்து புங்க மரத்தடியில் வைத்துவிட்டான். வீட்டில் அம்மை போட்டால் அதுதானே செய்வார்கள்! சிலந்திப்பேன் பற்றி அடுத்த வாரம், பூதக்கண்ணாடி வாங்கி வந்த பிறகுதான் பேசினேன். சரியான விடையை உடனே கொடுத்திருந்தால் அவர்கள் அந்த இலையை இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். இதில் என்னோடு வேலை செய்பவருக்கு மாற்றுக் கருத்து உண்டு, தப்பை அன்றைக்கே திருத்த வேண்டும் என்பார்.

என் பையனுக்கு ஒரு மரத்துப் பேரு கூட தெரியல. ரெண்டு மாசம் ஆச்சு.

பெயரைக் கேட்காதீர்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வேப்பிலையையும் ஒரு புங்க இலையையும் கையில் கொடுங்கள். வேப்பிலையின் ரம்பப் பல் விளிம்பும் கசப்பு வாடையும் அவனுக்குத் தெரியும். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத் தெரிந்தால் அவனுக்குப் பூவரசு தெரியும். பெயர் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்க வீட்ல உருதுதான் பேசுவோம். மரத்து பேரெல்லாம் தமிழ்ல ஒண்டிதான் சொல்லித் தருவீங்களா?

இல்லை. எங்கள் பிள்ளைகளில் உருது வீடும் உண்டு, தெலுங்கு வீடும் உண்டு. வட ஆற்காடு என்றாலே அப்படித்தானே. ஒரே மரம் ஒருவனுக்கு வேப்ப மரம், இன்னொருவனுக்கு நீம், மூன்றாமவளுக்கு வேப செட்டு. புளி, இம்லி, சிந்த. மூன்றையும் சொல்லித்தான் பாட்டு கட்டியிருக்கிறோம். நான்கு வயதில் ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருக்கலாம் என்று தெரிவதே பெரிய விஷயம். வீட்டுப் பெயரை நீங்கள் சொல்லி அனுப்பினால் பாட்டில் சேர்த்துக்கொள்வோம்.

ஊர்ப் பெயர்களையும் இதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. வேலூர் வேல மரத்தால் வந்த பெயர் என்பார்கள். ஆற்காடு ஆர் என்னும் ஆத்தி மரக் காடு என்று ஒரு கட்சி, ஆறு காடு என்று இன்னொரு கட்சி. முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேர்போன இலவம்பாடியில் இலவ மரம் ஒளிந்திருக்கிறது, ஆலங்காயத்தில் ஆல். பஸ் போர்டைப் பார்க்கும்போது பிள்ளைகள் இதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், தயாராக இருங்கள்.

கண்ட காயையும் வாயில போட்டுட்டா?

இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: கேட்காமல் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது, நாவல் பழமாகவே இருந்தாலும். இரண்டரை வயதுக் குழந்தைகள் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கூடவே இருக்கிறோம்.

தோப்புக்குள்ளும் வேலியிலும் சிலவற்றை அடியோடு எடுத்துவிட்டோம். அரளி, மஞ்சள் அரளி இரண்டும் இதயத்தைப் பாதிக்கும், மஞ்சள் அரளிக் கொட்டை குறிப்பாக மோசம். ஊமத்தை. குன்றிமணி, அழகாக இருப்பதால் பிள்ளைகள் விடமாட்டார்கள், கடித்து உடைத்தால் கொடிய விஷம். ஆமணக்குக் கொட்டை. காட்டாமணக்கு, இதன் விதை தின்ன ருசியாக இருக்கும், அதுதான் ஆபத்து. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வேலிக்கு வெளியே இருந்த செடியிலிருந்து ஒரு பையன் இரண்டு விதை தின்று அன்று முழுக்க வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்தான். தப்பு எங்களுடையது, வேலிக்கு உள்ளே மட்டும் பார்த்திருந்தோம். மலையடிவாரத்துக்கு நடை போகும்போது ஒடுவந்தழை இருக்கும் பக்கமே போவதில்லை. அதன் இலை உயிரை எடுக்கும் என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஏதாவது தின்றுவிட்டால் வாயைக் கொப்புளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், தின்ற காயில் ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை கால் மணி நேரமாவது விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பாம்பு?

வரும். எட்டு வருடத்தில் தோப்பில் பல முறை பார்த்திருக்கிறோம், பெரும்பாலும் சாரை. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் ஒருவர் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். முன்பு சொன்ன முழங்கால் சருகு விளையாட்டு இடத்தில் இருக்காது, ஒரு மூலையில் குவித்து வேலி போட்டிருக்கிறோம். கல், விறகுக் குவியல் எதுவும் கிடையாது. பாம்பைப் பார்த்தால் 'சிலை' விளையாட்டு: அசையாமல் நின்று மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. குழந்தையை அசையவிடாமல் நேரே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வண்டி எப்போதும் வாசலில் நிற்கும்.

மழை நாள்ல லீவா?

மழைக்கு லீவு இல்லை, இடிக்கு உண்டு. சேறுதான் மழைக்காலப் பாடம். ஆனால் இடிச் சத்தம் காதில் விழுந்த நொடியே எல்லோரும் கான்கிரீட் அறைக்குள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே. மரத்தை இத்தனை கொண்டாடுகிறோம், ஆனால் இடி இடிக்கும்போது மரத்தடியைப் போல மோசமான இடம் கிடையாது. இதைப் பிள்ளைகளுக்கும் மறைக்காமல் சொல்கிறோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே இடி மழை பெரும்பாலும் சாயங்காலம், ராத்திரியில்தான் வரும் என்பதால் பள்ளி நேரத்தில் தொந்தரவு குறைவு.

ஏம்மா, புளிய மரத்தாண்ட புள்ளைங்கள வுடாதீங்க. காத்து கருப்பு கீது.

ஆயா, நாங்களும் விடுவதில்லை. காரணம் மட்டும் வேறு. மாசி, பங்குனியில் குத்தகைக்காரர் ஆட்கள் ஏறிக் கிளையை உலுக்கிப் புளி அடிப்பார்கள், தலையில் விழும். ராத்திரியில் மரம் கரியமில வாயு விடுவதால் ஆபத்து என்று படித்தவர்கள் சொல்லும் விளக்கமும் சரியில்லை. திறந்த வெளியில் அந்த அளவு யாரையும் ஒன்றும் செய்யாது. உங்கள் பேயைப் பற்றி நான் சண்டை போடப் போவதில்லை. பிள்ளைகளிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், போன வருடம் ஒரு குழந்தை தன் 'என் மரத்தை' மாற்றித் தரச் சொல்லி இரண்டு நாள் அழுதாள். அவள் மரம் வேம்பு. பேய் எந்த மரம் என்பது கதை கைமாறியதில் குழம்பிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாப்பா ஏ பி சி டி முழுசா எழுதுறா. எம்பொண்ணு குச்சியத்தான் பொறுக்குறா.

இதற்கு உங்களைத் திருப்திப்படுத்தும் பதில் என்னிடம் இல்லை. எழுத்தை ஐந்தாம் வயதில்தான் தொடங்குகிறோம். விஜயதசமிக்கு அரிசியில் எழுதுவது போல, மண்ணில் விரலால். அதற்கு முன் விரலுக்கு வலு வேண்டும். கொடுக்காப்புளி உரிப்பது, வேப்பங்குச்சியால் இலை தைப்பது, புளியங்கொட்டையைப் பல்லாங்குழிக்குப் போடுவது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரலுக்கான வேலைதான். எண்ணிக்கையும் அதிலேயே வந்துவிடுகிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பு போனதும் பெஞ்சில் உட்கார முடியாமல் ஓரிரு மாதம் திண்டாடிய பிள்ளைகள் உண்டு. எழுதும் வேகத்தில் பின்தங்கியவர்களும் உண்டு. பெரும்பாலும் அரையாண்டுக்குள் பிடித்துவிட்டார்கள். மூன்று வயதிலேயே எழுத வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால் இந்தப் பள்ளி உங்களுக்குச் சரிப்படாது, பணத்தைக் கட்டிவிட்டு வருத்தப்படாதீர்கள்.

நாங்க சத்துவாச்சாரியில மாடி வீடு. மரமே இல்ல. வீட்ல என்ன பண்றது?

தெருமுனையில் ஒரு மரமாவது இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பூங்காவுக்குப் போகிறீர்கள்தானே, அங்கே ஒன்று. ஒரே மரம், வாரம் ஒரு முறை, அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ. வருடக் கடைசியில் வரிசையாக ஓட்டிக் காட்டுங்கள். இதையே நாடு முழுக்கப் பள்ளிகள் செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டமும் இருக்கிறது. துளிர், பூ, காய் எவ்வளவு என்று வாரா வாரம் குறித்து அனுப்பலாம்.

இப்பல்லாம் பருவமே மாறிப்போச்சே மிஸ். கொன்றை புரட்டாசியில பூக்குது. நீங்க சொல்லிக் குடுத்தது பொய்யாயிடாதா?

நானும் பார்த்தேன். அதனால்தான் பருவத்தைப் பட்டியலாகச் சொல்லித் தராமல் வெள்ளிக்கிழமை மரத்தைப் பார்க்க விடுகிறோம். எங்களிடம் ஒரு கோடு போட்ட நீள நோட்டு இருக்கிறது. முதல் வேப்பம்பூ, முதல் குயில் கூவல், முதல் ஈசல் எந்தத் தேதி என்று எழுதி வைக்கிறோம். எட்டு வருட நோட்டைப் பார்த்தால் ஒரே மரம்கூட வருடத்துக்கு வருடம் சில வாரம் முன்னே பின்னே போகிறது. எட்டு வருடம் என்பது காலநிலை மாற்றத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது, ஒரு குழந்தைக்கு 'இந்த வருஷம் சீக்கிரம் வந்துடுச்சு' என்று சொல்லப் போதும். சீக்கிரம் என்று சொல்லக்கூட வழக்கம் எது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

ரோடு போட எங்க தெரு புளிய மரத்த வெட்டிட்டாங்க. அது எங்க போச்சுன்னு பாப்பா தினமும் கேக்குறா. என்ன சொல்றது?

வெட்டிவிட்டார்கள் என்றே சொல்லுங்கள். தூங்குகிறது, சாமிகிட்ட போய்விட்டது என்றெல்லாம் வேண்டாம். எங்கள் பள்ளி வழியிலும் இப்படி ஒன்று போனது, நாங்கள் பிள்ளைகளை அடிமரத்துக்கு அழைத்துப் போனோம். வளையத்தை எண்ணி வயது சொல்லலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல, ஒரு பையன் குந்தி உட்கார்ந்து எண்ணினான். நம் ஊர்ப் புளியில் வளையம் குளிர் நாட்டு மரம் போலத் தெளிவாக இருக்காது. அவன் இருபத்தொன்பதில் நிறுத்தினான். அவனுக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது.

மரம் எங்கே போச்சு என்று அவர்களும் கேட்டார்கள். செக்கு உலக்கைக்கும், கறிக்கடையில் வெட்டுகிற கட்டைக்கும் புளிய மரம்தான் போகும் என்றேன். கூட்டத்தில் ஒருத்தி, "எங்க மாமு கடைல அந்தக் கட்டை இருக்கு" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பதினாறு பிள்ளைகளும் வரிசையாகப் போய் அந்தக் கட்டையைத் தொட்டு, முகர்ந்து பார்த்தார்கள். கடைக்காரர் அன்று காலையில் அதை நான்கு முறை கழுவியிருந்தாராம்.